காய்ச்சக் கூடாத மாவு

குடியாத்தத்தில் சாந்தகுமாரியின் கைப்பக்குவம் தெருவுக்கே தெரியும். பன்னிரண்டு வயதில் அவள் வைத்த கத்தரிக்காய்க் காரக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவளுடைய தாய்மாமன், "இவ எங்க வீட்டுக்குத்தான்" என்று இலையிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடி பதினோரு வருஷம் கழித்து அவருடைய மகன் ராஜேஷ்குமாருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதால் ஜாதகத்தைக்கூடப் பெயருக்குத்தான் பார்த்தார்கள்.

ராஜேஷ்குமார் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். லிங்கராஜபுரத்தில் மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனுக்கு சாந்தகுமாரி வந்து சேர்ந்தாள். ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையும் கிடைத்தது. கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசியே கன்னடம் பழகிக்கொண்டாள். படிக்க மட்டும் வரவில்லை. இரண்டாவது வருஷம் கவின் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். எட்டாவது மாதத்தில் ராத்திரி முழுக்க எழாமல் தூங்கப் பழகினான். "தங்கமான புள்ள, பாலுக்குக்கூட எழுப்பறதில்ல" என்று அவள் ஊருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் பிள்ளையின் உடம்பு சில்லிட்டு, கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் போகும்போதே முடிந்துவிட்டது. வலிப்பு என்றார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவளுக்கு ஒரு காரணமும் விளங்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அதிதி பிறந்தாள். அவளுக்கும் பொம்மைபோல உப்பிய கன்னம், தள்ளிய வயிறு. பார்த்தவர்கள் கண் வைக்காமல் இருக்கக் கன்னத்தில் மை வைக்கச் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை வயதாகியும் பிள்ளை வளரவில்லை, வயிறுதான் வளர்ந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் அதிதிக்கும் கைகால் இழுத்தது. சாந்தகுமாரி வாய்விட்டு அலறவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மெயின் ரோடுவரை ஓடினாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் எதுவும் நடந்துவிடவில்லை.

அங்கே குழந்தைகள் டாக்டர் சேஷகிரி பத்து நாள் பரிசோதனைகளுக்குப் பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழை நிதானமாகப் பேசுவார்.

"நாம சாப்பிடறதுல மிஞ்சின சர்க்கரைய ஈரல் சேர்த்து வெச்சுக்கும்மா. பசிக்கிற நேரத்துல எடுத்து ரத்தத்துல விடும். இவளோட ஈரலுக்குச் சேர்க்கத் தெரியறது, எடுத்து விடத் தெரியலை. பொறவியிலயே அப்படி. சாப்பிட்டு மூணு நாலு மணி நேரம் ஆனா ரத்தத்துல சர்க்கரை அப்படியே இறங்கிடும்."

"மருந்து இருக்குங்களா சார்?"

"இருக்கு. கார்ன்ஃப்ளார்."

தன் காதில்தான் தப்பாக விழுந்தது என்று நினைத்தாள். "சோள மாவா? சூப்புல போடறதா?"

"அதேதான். பச்சையா, பச்சைத் தண்ணியில கலக்கிக் குடுக்கணும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம். ராத்திரியும். பச்சை மாவு வயித்துல மெதுவா கரையும். கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரைய விட்டுக்கிட்டே இருக்கும். காய்ச்சினீங்கன்னா சட்டுனு ஏறி சட்டுனு இறங்கிடும். வெந்நீர்கூடக் கூடாது. பால், சர்க்கரை, பழம் எதுவும் கூடாது." பிறகு அவர் கேட்டார்: "இவதான் மூத்தவளா?"

ராஜேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். சாந்தகுமாரிதான் கவினைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பிச்சப்பறமா?"

"ஆமாங்க சார். ஒரு வாரம் இருக்கும்."

அவர் பேனாவை மூடிவைத்தார். அவளுக்குப் புரிய அது போதுமாக இருந்தது. பிள்ளை பட்டினியில் போயிருக்கிறான். வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, அவள் மார்பில் பால் இருந்தது. எழுப்பாமல் விட்டுவிட்டாள்.

"எழுப்பியிருந்தா சார்?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் மூலைக்கடையில் இறங்கி நாலு பாக்கெட் கார்ன்ஃப்ளார் கேட்டாள். கடைக்காரர், "என்னா அக்கா, கோபி மஞ்சூரி கடை போடறீங்களா?" என்று சிரித்தார். அவளும் சிரிக்கவேண்டி வந்தது.

அன்றிலிருந்து அவள் வாழ்க்கை நாலு மணி நேரத் துண்டுகளாகிவிட்டது. காலை ஐந்து, ஒன்பது, மதியம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, இரவு ஒன்பது, மறுபடி ஒன்று. சின்னத் தராசில் மாவை நிறுத்து, தண்ணீரில் கலக்கி, அடியில் தங்குவதற்குள் குடிக்கவைக்க வேண்டும். துணிக்கடை வேலையை விட்டாள். குடியாத்தத்தில் தம்பி கல்யாணத்துக்குப் போய் முகூர்த்தம் முடிந்ததும் திரும்பிவிட்டாள். மற்ற அம்மாக்களுக்குப் பிள்ளை அயர்ந்து தூங்கினால் நிம்மதி. இவளுக்கு அப்போதுதான் பயம். அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து குழந்தையின் கழுத்தில் வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

மற்ற வேளைச் சாப்பாட்டில் அவளால் ஏதாவது செய்ய முடிந்தது. மக்காச்சோள ரவையில் கடுகு தாளித்து உப்புமா கிண்டினாள். மஞ்சள் சோள மாவோடு உளுந்து சேர்த்துப் பணியாரம் சுட்டாள், சோள அடை தட்டினாள். அதையெல்லாம் அதிதி சப்புக்கொட்டிச் சாப்பிடுவாள். ஆனால் உயிரைப் பிடித்துவைத்திருக்கிற அந்த வெள்ளைக் கரைசலில் மட்டும் சாந்தகுமாரியின் கைப்பக்குவம் எடுபடவில்லை. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, அடுப்பே இல்லை. சுண்ணாம்புத் தண்ணியைக் குடிக்கிற மாதிரி. அதிதி பல்லைக் கடித்துக்கொள்வாள், துப்புவாள், வாந்தி எடுப்பாள். எடுத்தால் மறுபடி கலக்க வேண்டும். நாளுக்கு ஆறு சண்டை. நாலரை வயதில் நர்சரியில் சேர்க்கப் போனபோது, "இவ்ளோ பொறுப்பு நாங்க ஏத்துக்க முடியாதுங்க" என்று கைகூப்பிவிட்டார்கள்.

பக்கத்துப் போர்ஷனில் ஆஞ்சலா இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இறந்து, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பிறந்தது வளர்ந்தது எல்லாம் லிங்கராஜபுரம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கறிக்குழம்பும் கஸ்டர்டும் செய்து மாடி முழுக்கக் கொடுப்பாள். அதிதிக்கு வெளிச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. அதனால் அவள் கண்ணில் படாமல் கிண்ணத்தை முந்தானையில் மறைத்து எடுத்துப் போவாள். குழந்தை மாவு குடிக்க மறுத்து அழுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். "அந்த மாதாவுக்குக் கண்ணே இல்லியா" என்று ஆஞ்சலா தனக்குத்தானே புலம்புவதும் இந்தப் பக்கம் கேட்கும்.

போன ஆகஸ்டில் சாந்தகுமாரி காய்ச்சலில் விழுந்தாள். மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்து எழுந்து மாவு கலக்கினாள். நாலாவது நாள் சமையல்கட்டில் தராசின் எண் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டெங்கு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள்.

ராஜேஷ்குமார் ஒன்பது மணி மாவைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினான். சாந்தகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சலாவின் வாசலுக்குப் போய், ஒரு தாளை நீட்டினாள். அதில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், காய்ச்சக் கூடாது, வேறெதுவும் சேர்க்கக் கூடாது, மயங்கினால் பச்சை டப்பாவில் குளுக்கோஸ்.

"ஒரு மணிக்கு ஒரு வேளைதான்க்கா. அஞ்சு மணிக்குள்ள அதிதியோட அப்பா வந்துடுவாரு. எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

ஆஞ்சலா தாளைப் பார்த்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "நா பாத்துக்கறேன் கண்ணு. கார்ன்ஃப்ளார்தானே, எனக்குத் தெரியாததா? நீ ஸ்வல்ப மனச அல்லாடவிடாம போ." கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

ஃப்ரேசர் டவுன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கிடைத்தது. கையில் ஊசி ஏற்றினார்கள். தட்டணு கொடுக்க ஆள் தேடி ராஜேஷ்குமார் ரத்த வங்கிக்குப் போய்விட்டான். காய்ச்சலில் மயங்கியும் விழித்தும் கிடந்த சாந்தகுமாரிக்கு ஒரு மணி தாண்டியதே தெரியவில்லை. திடுக்கிட்டு விழித்துப் போனைப் பார்த்தபோது மூன்று இருபது. ஆஞ்சலாவை அழைத்தாள்.

"அக்கா, குடிச்சாளா?"

"ஒரு சொட்டு வுடல கண்ணு! ரெண்டாவது தபா வேற கேட்டா. கிண்ணத்த நக்கிட்டா, போ!"

சாந்தகுமாரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அதிதி அந்த மாவை ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை.

"எப்படிக்கா குடுத்தீங்க?"

"பச்சையா குடுத்தா துப்பிட்டுத் தேம்பித் தேம்பி அழுவுது. மனசு கேக்கல. பால்ல கரைச்சுக் காய்ச்சி, ரெண்டு ஸ்பூன் சக்கர போட்டு, ஏலக்கா தட்டிப் போட்டு..."

"இப்ப எங்க இருக்கா?"

"தூங்குது பா, நல்லா. ஒரு மணி நேரமா அசையல."

"எழுப்புங்க!" அவள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. "அக்கா, எழுப்புங்க. கன்னத்துல தட்டி எழுப்புங்க!"

போனில் ஆஞ்சலாவின் காலடிச் சத்தம் கேட்டது. பாப்பா, பாப்பா என்று கூப்பிடும் குரல் கேட்டது. அந்தக் குரல் மாறுவதும் கேட்டது. "சாந்தா... வேத்துக் கொட்டுது. கண்ண தொறக்க மாட்டேங்குது. சாந்தா, இன்னா ஆச்சு?"

"எங்க வீட்டு அலமாரியில பச்சை டப்பா இருக்கு. எடுத்தீங்களா? விரல தண்ணியில நனைச்சு அந்தப் பொடியத் தொட்டு ஈறுல தேய்ங்க. கன்னத்துக்கு உள்பக்கம். ஊத்தாதீங்க, பொறையேறிடும். தேச்சுக்கிட்டே இருங்க. போன வெச்சிடாதீங்க!"

பேசிக்கொண்டே கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள். நர்ஸ் ஓடிவந்து, "ஏய், ஏன் மாட்தித்தீரா? எல்லி ஹோக்தீரா?" என்று, எங்கே போகிறாள் எனக் கேட்டு மறித்தாள். "நன் மகு, என் பிள்ள" என்று மட்டும் சொல்லி, அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஊசி குத்திய இடத்திலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. துப்பட்டாவைச் சுற்றி அழுத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். டிரைவர் அந்தத் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு உடனே வண்டியை எடுத்தான். மீட்டரும் போடவில்லை. லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. அவன் ஹாரனில் கை வைத்தது வைத்தபடி ஓரமாகவே புகுந்து போனான். போனில் ஆஞ்சலா குளுக்கோஸைத் தேய்த்துக்கொண்டே செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள்நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பாள். பாதியில் நின்று, "இழுக்குது சாந்தா, கை இழுக்குது" என்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சாந்தகுமாரிக்கு அந்த ஆட்டோ எந்த வருஷத்தில் போகிறது என்றே குழம்பியது. மடி காலியாக இருப்பது மட்டும்தான் வித்தியாசம்.

மாடி ஏறி ஓடி அதிதியின் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே ஆட்டோவில் சேஷகிரியின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஞ்சலாவும் கூடவே ஏறிக்கொண்டு, போகிற வழியெல்லாம் ஈறில் தேய்த்தபடியே வந்தாள். அவளைப் பார்க்க சாந்தகுமாரிக்குப் பிடிக்கவில்லை. இறங்கச் சொல்லவும் முடியவில்லை.

அதிதி பிழைத்தாள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து மூன்றாம் நாள் கண் திறந்தாள். தேய்த்த குளுக்கோஸ்தான் அந்த அரைமணி நேரம் தாக்குப்பிடித்தது என்றார் சேஷகிரி. அதே கட்டிடத்தில் இன்னொரு மாடியில் சாந்தகுமாரிக்குத் தட்டணு ஏற்றினார்கள். இருவரும் வீடு திரும்பியபோது அதிதியின் பேச்சு லேசாகத் தடுக்கியது; வலதுகை விரல்கள் பென்சிலைப் பிடிக்கத் தடுமாறின. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதைவிடக் கொடுமை ஒன்று வீட்டில் காத்திருந்தது. அதிதி இனிப்பின் ருசியைக் கண்டுவிட்டாள். மாவுத் தம்ளரைக் கண்டதும், "அது வேணாம். ஆ... ஆஞ்சலா ஆன்ட்டி குடுத்தது" என்பாள். முன்பு பத்து நிமிஷம் சண்டை போட்டுக் குடித்தவள் இப்போது ஒரு மடக்குகூட உள்ளே விடவில்லை. குடிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பதுதான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாந்தகுமாரி ஊசியில்லாத சிரிஞ்சில் மாவை நிரப்பிக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினாள். பிள்ளையின் கைகளைத் தன் முழங்காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். முடிந்த பிறகு சமையல்கட்டில் போய் அழுவாள். காய்ச்சல் போன உடம்பில் தெம்பு வரவில்லை.

ஆஞ்சலாவின் கதவு மூடியே இருந்தது. பத்து நாளாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடையில் எதிர்ப்பட்டால் ஆஞ்சலா சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்து குழம்பு வாசனைகூட வரவில்லை.

பதினோராம் நாள் மதியம். ராஜேஷ்குமார் வேலைக்குப் போயிருந்தான். ஒரு மணி மாவை அதிதி இரண்டு தடவை கக்கிவிட்டாள். மூன்றாவது தடவை சிரிஞ்சைத் தட்டிவிட்டு வாசற்படிவரை ஓடினாள். சாந்தகுமாரி எட்டிப் பிடித்தாள். பிடித்த கையில் வலுவில்லை. விரலைக் குத்திப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. நேரம் ஒன்று ஐம்பது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட அவகாசமில்லை. சுவரைக் கையால் அறைந்தாள்.

"அக்கா! ஆஞ்சலாக்கா!"

கதவு திறந்த சத்தமும் ஆஞ்சலா உள்ளே நின்றதும் ஒன்றாக இருந்தது. சோப்பு நுரை வடியும் கையோடு வந்திருந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்து, இரண்டு கையையும் சேர்த்து அணைத்துப் பிடித்தாள். அதிதி, "ஆன்ட்டி, அது குடு, அது குடு" என்று கதறினாள். ஆஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதான்டி கண்ணு, இனிமே இதான்" என்றாள். சாந்தகுமாரி சிரிஞ்சைக் கடைவாயில் வைத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. முழு அளவும் உள்ளே போயிற்று.

அதிதி இருவரையும் பார்க்காமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தரை முழுக்க வெள்ளை. ஆஞ்சலா துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எழுதிக் குடுத்தேனேக்கா," என்றாள் சாந்தகுமாரி. பத்து நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. "படிச்சும் ஏங்க்கா அப்படிப் பண்ணீங்க?"

ஆஞ்சலா துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தமிழ் படிக்க வராது சாந்தா. கன்னட மீடியம் நானு, ஏழாங்கிளாஸ். கோயில்லகூடப் பாட்டு பொஸ்தகத்தச் சும்னே கையில வெச்சிக்கினு மனப்பாடமாத்தான் பாடறது. அன்னிக்கி நீ அந்தக் காகிதத்தக் குடுத்தப்ப... வாயத் தொறந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. கார்ன்ஃப்ளார்தானே, இன்னா பெரிய விசயம்னு நெனச்சிட்டேன்."

சாந்தகுமாரிக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தமிழ் பேசுகிறவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று அவளும் கேட்டிருக்கவில்லை. அவள் எழுந்து போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து ஆஞ்சலாவின் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்றேன். நீங்க கன்னடத்துல எழுதுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆஞ்சலா தரையிலேயே குனிந்து, உதட்டை அசைத்து அசைத்து எழுதினாள். எழுதியதை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னாள் சாந்தகுமாரி. பிறகு தராசை எடுத்துவந்து நிறுக்கச் சொன்னாள். ஊசியால் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். முதல் குத்தலுக்குத் தன் விரலையே நீட்டினாள்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆஞ்சலா, "நீ படு. ஒரு மணிக்கு நா குடுக்கறேன்" என்று அதிதியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

சாந்தகுமாரி பாயில் படுத்தாள். கண்ணை மூடவில்லை. காதைச் சுவரில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது, ஸ்பூன் கலக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம்.

அப்புறம் அதிதி வீறிட்டு அழுதாள். துப்பினாள். "வேணாம், வேணாம்" என்று தரையில் காலை உதைத்தாள்.

பச்சை மாவுதான். சாந்தகுமாரி மெதுவாகச் சாய்ந்து படுத்து, பிள்ளை அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.